முதற் கைப்பணிச் சந்தைக்குப் பனையோலைப் பொருள்களை ஆயத்தஞ் செய்தல்

மன்னார்த் தீவில் பனை நில்லாத வளவு அரிது. ஓலைத்தொடுவாய் என்னும் ஊரின் பெயரிலேயே ஓலை முன்னிற்கிறது. அவ்வூரிலும் அயலூர்களிலும், பெருநிலப்பரப்பில் கட்டுக்கரைக் குளத்தின் கீழ் நெல் விளைவிக்கும் ஊர்களிலும், ஓலை இழைக்கத் தெரிந்த பெண்கள் இன்றும் உளர். விதைநெல் அளக்கும் பெட்டி, கத்தரியும் மிளகாயும் பிடுங்கிப் போடும் கடகம், பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி, அரிசி புடைக்கும் சுளகு, பனங்கட்டி வார்க்கும் குட்டான் ஆகியவை யாவும் கமக்காரன் வீட்டிற் பழகிய பொருள்களே. பிளாஸ்ரிக்குக் கூடைகள் மலிந்தபின் இவற்றின் வழக்கம் வீட்டிற் குறைந்தது; ஆனால் வெளியூரார் இவற்றை விரும்பி வாங்குவது குறையவில்லை.

அயல்வீட்டாருக்குப் பெட்டி விற்பதும் கைப்பணிச் சந்தையில் விற்பதும் ஒன்றல்ல. அயல்வீட்டாருக்கு விற்ற கடகத்தின் விளிம்பு பிரிந்தால் அவர் அதனைக் கொண்டுவந்து திருத்திக் கேட்பார். சந்தையில் வாங்கியவர் கொழும்புக்கோ கண்டிக்கோ சென்றுவிடுவார். பத்தாம் நாள் பெட்டியின் உட்புறத்திற் பூஞ்சணம் படிந்தால் அதனை எறிந்துவிட்டு, மன்னார்ப் பெட்டி கூடாதென்று நாலு பேரிடம் கூறுவார். இழைத்தவருக்கு அது தெரியவே வராது. முதற் சந்தையில் நட்டப்படுகின்ற குடும்பம் பெரும்பாலும் இரண்டாவது சந்தைக்குச் செல்வதில்லை. இழைக்கும் கையும் அத்தோடு ஓய்ந்துவிடும். ஆதலின் முதற் சந்தைக்கான ஆயத்தம் சாமான் கட்டும் நாளில் அன்று, ஓலை வெட்டும் நாளிலேயே தொடங்குதல் வேண்டும்.

விற்பதற்கு வாய்ப்பில்லை என்று கருதுதல் தவறு. இலங்கையில் லக்சல 1964 ஆம் ஆண்டிலும், பனை அபிவிருத்திச் சபை 1978 ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. தேசிய அருங்கலைகள் பேரவை 1982 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. சில்ப அபிமானி என்னும் கண்காட்சியும் போட்டியும் அப்பேரவையினால் நடத்தப்படுபவை. பிரதேச செயலகங்களும் மாதர் சங்கங்களும் இடையிடையே சிறு கண்காட்சிகளை ஒழுங்கு செய்வதுண்டு. மடுத் திருப்பதியில் யூலை 2 ஆந் திகதியும் ஓகத்து 15 ஆந் திகதியும் நிகழும் திருவிழாக்களுக்கு நாட்டின் எல்லாப் பகுதியிலிருந்தும் மக்கள் திரளுகின்றனர். முதன்முறை செல்பவர் தம் மாவட்டத்துக்குள் நடைபெறும் சிறு சந்தையொன்றைத் தெரிந்துகொள்ளுதல் நன்று. விற்காத பொருளை அன்றே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர இயலும்.

காலமும் ஓலையும்

இப்பகுதியில் மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிறது. அம்மாதங்களில் உலர்த்திய ஓலையும் மீண்டும் ஈரத்தை ஏற்கும். பெரும்போக அறுவடை முடிந்து, சூடடித்து, நெல் வீடு சேர்ந்தபின் வரும் பங்குனி முதல் ஆனி வரையுள்ள காலமே ஓலை வெட்டுவதற்கும் உலர்த்துவதற்கும் ஏற்றது. கமக்காரன் வீட்டில் வேலை சற்றே குறைந்திருக்கும் காலமும் அதுவே. தோட்டக்காரர் தம் கிணற்றிறைப்பு நாள்களைத் தள்ளிக் கணக்கிடுதல் வேண்டும்.

ஆவணியில் ஒரு சந்தை நடைபெறுவதாக வைத்துக்கொண்டால், அந்நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுதல் வேண்டும். இறுதி இரண்டு கிழமைகள் உலர்த்தலுக்கும் விளிம்பு பார்த்தலுக்கும் சீட்டுக் கட்டுதலுக்கும் உரியவை. அக்கிழமைகளிற் புதிதாக ஒரு பெட்டியும் தொடங்கலாகாது. அதற்கு முந்திய ஆறு கிழமைகள் இழைப்பதற்கு. அதற்கும் முன் இரண்டு கிழமைகள் ஓலை வெட்டி, உலர்த்தி, சாயமிட்டு வைப்பதற்கு. ஆக, பத்துக் கிழமைகளுக்கு முன்னரே கத்தி மரத்திற் படுதல் வேண்டும். சந்தைக்கு முதற் கிழமை இரவு முழுவதும் விளக்கேற்றி இழைத்த பெட்டிகளே பெரும்பாலும் பூஞ்சணம் பிடிப்பவை.

நுண்ணிய வேலைக்கு விரியாத குருத்தோலையும், பாய், பெட்டி, கடகம் முதலியவற்றுக்குச் சார்வோலையும் ஏற்றவை. முற்றிய ஓலை வேலிக்கும் கூரைக்கும் உதவுமேயன்றி இழைப்பிற்கு ஒவ்வாது; மடிக்கும்போது வெடிக்கும். வளர்ந்த பனை ஓராண்டில் ஏறக்குறைய ஒரு டசின் ஓலைகளையே ஈனுகிறது. ஆதலின் ஒரே வடலியில் அடுத்தடுத்துக் குருத்தை வெட்டினால் மரம் சோர்ந்துவிடும். ஒரு குருத்தை எடுத்த மரத்தில் அடுத்து வரும் ஓலைகளை விரியவிட்டு, வேறு மரத்துக்குச் செல்லுதல் முறை. வெட்டும்போது கத்தி குருத்தின் அடியிலுள்ள கொழுந்திற் படலாகாது. பட்டால் மரம் பட்டுப்போகும். ஒரு பெட்டி விலைக்காகப் பல்லாண்டுப் பனையை இழப்பது கணக்கன்று.

வெட்டிய ஓலையை அன்றே ஈர்க்கு நீக்கிப் பரப்பி உலர்த்துதல் நன்று. குவித்து வைத்தால் நடுவிலுள்ளவை வெந்து கறுக்கும். ஒரு மரத்தின் ஓலைக்கும் இன்னொரு மரத்தின் ஓலைக்கும் நிறம் வேறுபடும் ஆகையால், ஒரே நாளில் வெட்டி ஒரே வெயிலிற் காய்ந்த ஓலையைத் தனிக் கட்டாகக் கட்டி வைத்து, ஒரு பெட்டியை ஒரு கட்டிலிருந்தே இழைத்தல் வேண்டும். மூடி ஒரு நிறமும் அடி ஒரு நிறமுமாக அமைந்த பெட்டியை வாங்குவோர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவர்.

உப்பும் ஈரமும்

கரையூர்களுக்கு விசேடமாக உரிய ஒரு தொல்லை உப்பு. தீவிலுள்ள கிணறுகள் பல உவர்ப்பானவை. உவர் நீரில் அவித்த அல்லது அலசிய ஓலையில் உப்பு தங்கிவிடுகிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் இழுக்கும் இயல்புடையது. கோடையில் மொரமொரப்பாக இருந்த பெட்டி மழைக்காலத்தில் தானாகவே நமுத்துப் போவதற்குக் காரணம் இதுவே. ஆதலின் ஓலையை உவர் நீரில் அவிக்க நேர்ந்தாலும், கடைசி அலசலை நல்ல தண்ணீரிற் செய்தல் வேண்டும். சாயமிடாத வார் ஒன்றை நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்பு இருப்பதும் இல்லாததும் உடனே தெரியும். கடற்காற்று நேரே வீசும் முற்றத்தில் உலர்த்தாமல் வீட்டின் மறைவில் உலர்த்துவதும் இதே காரணத்துக்காகவே.

இழைக்கும்போது ஓலை வளைந்து கொடுக்கும்பொருட்டு அதனை நனைத்துக் கொள்ளுகின்றனர். இது தேவையானது. ஆயினும் இழைத்து முடிந்த பெட்டியின் அடிமூலைகளிலும், நார் வைத்துப் பொத்திய விளிம்பிலும் அந்த ஈரம் பல நாள் மறைந்து கிடக்கும். வெளிப்புறம் காய்ந்ததைக் கண்டு பெட்டி காய்ந்ததென்று கொள்ளலாகாது. இதனை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு பெட்டியை நிறமற்ற பொலித்தீன் பையிலிட்டு, வாயைக் கட்டி, ஒரு மணி நேரம் வெயிலில் வைத்தல் வேண்டும். பையின் உட்புறத்தில் நீர்த்துளி அரும்பினால் அப்பெட்டிகள் இன்னும் காயவில்லை. மூடிகளைத் திறந்து, தலைகீழாக வைத்து, மேலும் மூன்று நான்கு நாள் உலர்த்தியபின் மறுபடி சோதித்தல் வேண்டும். துளி அரும்பாத பின்னரே கட்டலாம். அப்போதும் பொலித்தீன் பையில் அடைக்காமல், பழைய பருத்திச் சேலையிற் சுற்றிக் காகிதப் பெட்டியில் வைத்தல் நன்று. பளபளக்கும் பையில் வைத்தால் விலை கூடும் என்று எண்ணுவோர் உளர். ஓலைக்குக் காற்றே நல்ல உறை.

சாயத்தைப் பற்றிச் சிறிது கூறுதல் அவசியம். சாயத்தில் அவித்த வாரை, அலசும் நீர் தெளியும்வரை அலசி, நிழலில் உலர்த்துதல் வேண்டும். பின்னர் வெள்ளைத் துணியொன்றை நனைத்து அதன்மேல் அழுத்தித் தேய்த்துப் பார்க்கவேண்டும். துணியில் நிறம் ஏறினால் அந்த வாரைப் பயன்படுத்தலாகாது. வாங்கியவருடைய வெள்ளைச் சேலையில் அது கறையாகும். நீத்துப்பெட்டி, தட்டுவம், சுளகு முதலாக உணவு தொடும் பொருள்களுக்குச் சாயமே வேண்டாம். சாயம் காய்ச்சிய பாத்திரம் மறுபடி அடுக்களைக்குச் செல்லாதிருத்தலும் வேண்டும்.

எவற்றைக் கொண்டு செல்வது

முதன்முறை செல்பவர் தமக்குத் தெரிந்தவை யாவற்றையும் ஒவ்வொன்றாகக் கொண்டு செல்ல விரும்புவர். தொப்பி ஒன்று, விசிறி இரண்டு, கிளிப்பிள்ளை ஒன்று, கைப்பை மூன்று என்று மேசை நிறையும். பார்வைக்கு அழகாகவே இருக்கும். ஆனால் ஒருவர் கைப்பையை விரும்பி ஆறு வேண்டுமென்று கேட்டால் கொடுக்க இயலாது. இரண்டு அல்லது மூன்று வகைப் பொருள்களை, ஒவ்வொன்றும் ஒரே அளவினதாக, வேண்டிய தொகையிற் செய்து செல்வதே நன்மை தரும். மூடுபெட்டி ஒரு வகை, விலை குறைந்த சிறு குட்டான் அல்லது கொட்டைப்பெட்டி ஒரு வகை, இவ்விரண்டும் முதற் சந்தைக்குப் போதும்.

ஒரே அளவு என்பது கண்மட்டத்தால் வருவதன்று. வார் கிழிக்க, மரத்துண்டொன்றில் இரண்டு ஊசிகளைக் குறித்த இடைவெளியிற் பதித்து வைத்துக்கொண்டால் எல்லா வாரும் ஓர் அகலமாகும். பெட்டியின் அடிக்கு மரக்கட்டை ஒன்றை அச்சாக வைத்து, அதனைச் சுற்றி இழைத்தால் எவர் கை இழைத்தாலும் அளவு மாறாது. நெல் விதைப்பவர் கலப்பு விதையை எவ்வாறு வெறுப்பரோ, அவ்வாறே கடைக்காரரும் அளவு மாறிய சரக்கை வெறுப்பர். தமிழ்நாட்டின் செட்டிநாட்டுப் பகுதியிற் சடங்குகளுக்கு வழங்கிய கொட்டான் என்னும் பனையோலைப் பெட்டி, உலோகத்தாலும் பிளாஸ்ரிக்காலுமான பாத்திரங்கள் வந்தபின் மங்கிப்போய், இந்நூற்றாண்டின் தொடக்கத்திற் காரைக்குடிப் பக்கத்தில் மறுபடி பயிற்றப்பட்டு, இன்று புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. திருமண வீட்டார் நூற்றுக்கணக்கிற் கேட்கும் பொருள் அது. நூறும் ஒரே அச்சில் அமையாவிடில் அவ்வீட்டார் வேறிடம் தேடுவர்.

விலை வைத்தல்

கமக்காரன் வீட்டில் நன்செய்க்கும் புன்செய்க்கும் கூலிக் கணக்கு எழுதுவதுண்டு. ஓலை இழைத்த கைக்கு எழுதுவதில்லை. ஓலை சொந்த வளவில் வந்தது, வேலை சும்மா இருந்த நேரத்திற் செய்தது, ஆகவே வந்தது இலாபம் என்பர். அந்நேரம் சும்மா இருந்த நேரமன்று. அதே பெண் அயல்தோட்டத்தில் மிளகாய் பிடுங்கச் சென்றிருந்தால் நாட்கூலி பெற்றிருப்பாள்.

பின்வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக மட்டுமே வைக்கப்பட்டவை. அவரவர் ஊர்க்கூலியையும் பொருள்விலையையும் அவற்றின் இடத்தில் வைத்துக்கொள்ளலாம். எட்டு மணி நேர நாட்கூலி 2,400 ரூபா என்றால் மணிக்கு 300 ரூபா. மூன்று பெண்கள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம், கிழமைக்கு ஐந்து நாள், ஆறு கிழமை இழைத்தால் 270 மணி நேரமாகும். இதில் 30 மணி நேரத்தைத் திருத்தத்துக்கும் பழுதுக்கும் ஒதுக்கினால் 240 மணி நேரம் எஞ்சும். நான்கு மணி நேர வேலையுள்ள மூடுபெட்டி 40, ஒரு மணி நேர வேலையுள்ள குட்டான் 80 செய்ய அது சரியாகும்.

போக்குவரத்து, இடவாடகை, சாப்பாடு, கட்டும் சாமான் ஆகிய சந்தைச் செலவு 6,000 ரூபா எனக் கொள்வோம். இதனைப் பொருள்களின் எண்ணிக்கையாற் பிரிக்கலாகாது. பிரித்தால் சிறு குட்டான் பெரிய பெட்டியின் பாரத்தைச் சுமக்கும். வேலை மணியாற் பிரித்தால் மணிக்கு 25 ரூபா. மூடுபெட்டிக்கு ஓலை, சாயம், விறகு, நார் 150, கூலி 1,200, சந்தைச் செலவு 100, ஆக 1,450 ரூபா. குட்டானுக்கு முறையே 40, 300, 25, ஆக 365 ரூபா. பத்தில் ஒன்று விற்காமலோ பழுதாகியோ போகும் என்று வைத்தால், எஞ்சிய ஒன்பதும் அதன் பாரத்தைத் தாங்க வேண்டும். அப்போது மூடுபெட்டி ஏறக்குறைய 1,611 ரூபாவும் குட்டான் ஏறக்குறைய 406 ரூபாவும் ஆகும்.

இவற்றை 1,600, 400 என்று இறக்கி வைப்பது இலகுவாகத் தோன்றும். ஆனால் 36 பெட்டியும் 72 குட்டானும் விற்றால் வருவது 86,400 ரூபா. இதிலிருந்து பொருட்செலவு 9,200, சந்தைச் செலவு 6,000 ஆகியன கழிய எஞ்சுவது 71,200 ரூபா. 240 மணி நேரக் கூலியோ 72,000 ரூபா. பதினொரு ரூபாவையும் ஆறு ரூபாவையும் விட்டுக்கொடுத்ததனால் கூலியில் 800 ரூபா குறைகிறது. 1,650, 450 என்று ஏற்றி வைத்தால் 91,800 ரூபா வந்து, செலவு போக 76,600 ரூபா நிற்கும்.

இக்கணக்கினால் இன்னொரு பயனும் உண்டு. சந்தையிற் கடைக்காரர் ஒருவர் வந்து, இருபது பெட்டி வேண்டும், விலை குறைக்க வேண்டும் என்று கேட்பார். அவருக்காகச் சந்தைச் செலவையும் விற்காத பொருளின் பாரத்தையும் விட்டுக்கொடுக்கலாம். 1,350 ரூபாவுக்குக் கீழ் இறங்கலாகாது. அதற்குக் கீழ் இறங்குவது இழைத்தவளின் கூலியில் இறங்குவதாகும். அவ்விலைக்கு எவரும் வாங்காவிடில், விலையைக் குறைப்பதைவிட, மணிநேரம் குறைந்த வேறு பொருளைத் தெரிந்தெடுப்பதே வழி. அரை நாளில் முடியும் பெட்டிக்குக் கிடைக்காத கூலி, நேர்த்தியான சிறு குட்டானுக்குக் கிடைப்பதுண்டு.

சந்தை நாள்

மேசை, துணி, கயிறு, கத்தரிக்கோல், சில்லறை, குடிநீர் ஆகியவற்றை முதல் நாளே எடுத்து வைத்தல் வேண்டும். ஓலைப் பொருள் பாரமற்றது. ஆனி ஆடியிற் சோளகக் காற்று வீசும்போது மேசையிலிருந்தும் பஸ்ஸின் மேலிருந்தும் பறக்கும். தாம்போதியைக் கடக்கும்போது பறந்த பெட்டியை எவரும் இறங்கி எடுப்பதில்லை. ஆகவே ஒன்றினுள் ஒன்றை அடுக்கிப் பெரிய கடகங்களில் வைத்து, வாயைத் துணியாற் கட்டி, வண்டிக்குள்ளேயே கொண்டு செல்லுதல் வேண்டும்.

விலையை ஒவ்வொரு பொருளிலும் எழுதிக் கட்டுதல் நன்று. விலை கேட்கக் கூசி அப்பாற் செல்வோர் பலர். சீட்டில் விலையோடு ஊரின் பெயரையும், பெட்டியை ஈரத்தில் வைக்கலாகாது, நனைந்தால் நிழலில் உலர்த்துக என்னும் இரண்டு வரிகளையும் எழுதுதல் வேண்டும். வெளியூர் மக்களை எண்ணிச் சிங்களத்திலும் எழுதினால் விற்பனை கூடும். ஒருவர் விற்க, ஒருவர் மேசையோரத்தில் இருந்து இழைத்துக்கொண்டிருப்பதும் நன்று. கை ஓடுவதைக் கண்டவர் விலையைக் குறித்து வழக்காடுவது குறைவு.

விற்பனைக் குறிப்புக்கு ஒரு கொப்பி போதும். கொண்டு சென்றது, விற்றது, திரும்பியது ஆகிய மூன்றையும் வகைவாரியாக எழுதுதல் வேண்டும். கேட்டும் கிடைக்காமற் சென்றவர் எதைக் கேட்டார் என்பதனை அன்றே குறித்தல் வேண்டும். மறுநாள் அது மறந்துபோகும். இருபது பேர் பிடி வைத்த கூடை கேட்டிருந்தால், அடுத்த முறைக்கு அச்சுக்கட்டை எவ்வாறு அமைய வேண்டும் என்பதை அக்குறிப்பே கூறும்.

மாலையில் எஞ்சிய பொருளை அரை விலைக்குக் கொடுத்துவிட்டுச் செல்லும் வழக்கத்தைத் தவிர்த்தல் வேண்டும். காலையில் முழு விலை கொடுத்தவர் இன்னும் சந்தையில் நிற்பார். திருப்பிக் கொண்டுவந்த பெட்டிகள் பலர் கைபட்டவை ஆதலின், துணியால் துடைத்து, ஒரு பகல் உலர்த்தி, மூடியைத் திறந்தபடியே அடுப்படிக்கு எட்டியுள்ள பரணில், புகை படியாத பக்கத்தில் அடுக்கி வைக்கலாம். ஐப்பசி மழை தொடங்குமுன் அவற்றை மறுபடியும் ஒருமுறை பொலித்தீன் பையிலிட்டுச் சோதித்துக் கொள்ளுதல் வேண்டும்.